லிம் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்

சீனப் பண்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றதும் சிவப்புத் தாளும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிடுகிறோம். ஒரு கூண்டு விளக்கு, ஒரு டிராகன் முகமூடி, அதோடு சரி. மலேசியாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது போதாது. அடுத்த வீட்டில் சீனர், வகுப்பில் சீனர், நாளை வேலையிடத்திலும் சீனர். அவர்கள் வீட்டுக்குள் மரியாதை தெரிந்த விருந்தாளியாக நம் பிள்ளை நுழைய வேண்டும். இதற்குத் தனி ஆசிரியர் வேண்டாம். நவம்பரில் தொடங்கினால், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகூட சீனப் புத்தாண்டுக்குள் தயாராகிவிடும்.

முதல் படி: ஒரு பெயரை எழுதுங்கள்

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக்கோடு. அதன் நடுவை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு நெட்டுக்கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இடப்பக்கம் சரியும் கோடு, பிறகு வலப்பக்கம் சரியும் கோடு. நான்கே கோடுகளில் ஒரு மரம் நிற்கும். அதை ‘மூ’ என்று வாசிக்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு மரம் போட்டால் தோப்பு, ‘லின்’. முதல் மரத்தின் கடைசிக் கோட்டை மட்டும் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மரத்தை இடிக்கும். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்று மரம் வைத்தால் அடர்ந்த காடு, ‘சென்’. கோடுகளின் வரிசையை மாற்ற விடாதீர்கள். எழுத்து மனத்தில் தங்குவதே அந்த வரிசையால்தான்.

இப்போது சொல்லுங்கள்: இந்தத் தோப்புதான் அடுத்த வீட்டுக்காரரின் குடும்பப் பெயர். பினாங்கில் ஹொக்கியன் பேசும் வீட்டில் ‘லிம்’, ஈப்போவில் கேண்டனீஸ் பேசும் வீட்டில் ‘லாம்’, மாண்டரினில் ‘லின்’. வாய்க்கு வாய் ஒலி மாறினாலும் எழுத்து ஒன்றே. ‘சீன மொழி’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதற்குள் எத்தனை பேச்சுகள் இருக்கின்றன என்பது பிள்ளைக்கு இங்கேயே புரிந்துவிடும்.

இரண்டாம் படி: உறவுமுறை

என் அனுபவத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு மிக எளிதாக வரும் பாடம் இதுதான். ஆங்கிலத்தில் எல்லாரும் ‘அங்கிள்’. சீனத்தில் அப்படி விட மாட்டார்கள். அப்பாவின் அண்ணன் ‘போபோ’, நமக்குப் பெரியப்பா. அப்பாவின் தம்பி ‘ஷூஷு’, சித்தப்பா. அம்மாவின் சகோதரர் ‘ஜியோஜியோ’, தாய்மாமன். அப்பாவின் சகோதரி ‘கூகு’, அத்தை. உடன்பிறப்பிலும் நம்மைப் போலவே மூத்தவர் வேறு, இளையவர் வேறு: அண்ணன் ‘கெகெ’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மேய்மேய்’.

ஒரு பெரிய தாளில் உங்கள் குடும்ப மரத்தை வரையுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே தமிழ் முறைப்பெயர், அதற்கும் கீழே சீன முறைப்பெயர். என் மகள் இதை எழுதிக்கொண்டே வந்தவள், “நம்ம மாதிரியேம்மா!” என்று நிமிர்ந்து பார்த்தாள். பிற இனத்தாரைப் பற்றி எத்தனை புத்தகம் வாங்கித் தந்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. வேறுபாட்டையும் காட்டுங்கள்: நாம் இரு பக்கமும் தாத்தா என்றே சொல்கிறோம், அவர்களுக்கு அப்பாவின் தந்தை ‘யெயெ’, அம்மாவின் தந்தை ‘வாய்குங்’. ‘மாமா’ என்றால் அங்கே அம்மா. இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை இல்லை.

மூன்றாம் படி: தொனி

மாண்டரினில் நான்கு தொனிகள், அவை போக அழுத்தமில்லாத ஒன்று. ‘மா’ என்பதைச் சுருதி பிடிப்பதுபோல் உயரத்தில் சமமாக நீட்டினால் தாய். வியந்து “என்ன?” என்று கேட்கும் குரலில் மேலேற்றினால் சணல். சந்தேகத்தோடு “ம்ம்ம்?” என்று இழுப்பதுபோல் இறக்கி ஏற்றினால் குதிரை. “போ!” என்று அதட்டும் வேகத்தில் விழவிட்டால் திட்டுதல். கையைக் காற்றில் அசைத்துக் காட்டியபடி சொல்லிக்கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நம் நாக்குக்கு ஒரு சொத்து உண்டு. ‘மனிதர்’ என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். ‘ழென்’ என்று சொல்லிப் பாருங்கள். 1958 முதல் சீனா பயன்படுத்தும் பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையில் இந்த ஒலியை ‘ஆர்’ போட்டு எழுதுவார்கள். நாம் ழகரத்துக்குப் போடும் ‘இசட்-எச்’ அங்கே நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு சகரம். இந்த ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: டிசம்பரில் அடுப்படிக்கு வாருங்கள்

முதல் பண்டிகையாகப் புத்தாண்டை எடுக்காதீர்கள். வெடிச்சத்தத்திலும் சிங்க நடனத்திலும் பிள்ளைக்கு எதுவும் நிற்காது. டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் ‘தோங்சி’யில் தொடங்குங்கள். ஆண்டின் மிக நீண்ட இரவு அது. வீடு கூடி ‘தாங் யுவான்’ என்ற மாவுருண்டை சாப்பிடுவார்கள். ஒன்றுகூடலைக் குறிக்கும் ‘துவான் யுவான்’ என்ற சொல்லோடு அதன் ஒலி ஒத்துப்போகிறது.

புலுட் அரிசி மாவு 200 கிராமுக்கு ஏறக்குறைய 160 மில்லிலிட்டர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மாவு காது மடல்போல் மெத்தென்று இருக்க வேண்டும். பாதியில் இளஞ்சிவப்பு நிறம் கலந்து, நெல்லிக்காயைவிடச் சிறிய உருண்டைகளாகப் பிள்ளையே உருட்டட்டும். கொதிநீரில் போட்டு, மிதந்த பின் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, தட்டிய இஞ்சியும் பாண்டான் இலையும் சர்க்கரையும் கொதித்த நீரில் சேருங்கள். பால் கொழுக்கட்டை செய்யத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. உருண்டை பிசுபிசுப்பானது, சின்னப் பிள்ளைகளுக்கு நான்காக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.

ஐந்தாம் படி: புத்தாண்டுக்குப் போகும் முறை

ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் அமாவாசையில் தொடங்கி 15 நாள் நடக்கும் பண்டிகை இது. போகும்போது இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளை இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். வீட்டாரும் இரண்டு திருப்பித் தருவார்கள். பணம் வைத்த சிவப்பு உறையான ‘அங் பாவ்’ வாங்கவும் இரு கை வேண்டும், கொடுத்தவர் முன் பிரிக்கக் கூடாது. சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்க விடாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பதுபோல் அது தெரியும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பணம். நாம் 51, 101 வெள்ளி என்று ஒன்று சேர்த்து மொய் எழுதுவோம், அதுதான் நமக்கு மங்கலம். சீனர்கள் மங்கல காரியத்துக்கு இரட்டைப்படையில் கொடுப்பார்கள். ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு உரியது. இரட்டைப்படையிலும் நான்கைத் தவிர்ப்பார்கள். நான்குக்கும் சாவுக்கும் ஒரே ஒலி, தொனி மட்டும் வேறு. மூன்றாம் படியில் கற்றது பிள்ளைக்கு இங்கே பளிச்சென்று விளங்கும்.

புத்தாண்டின் முதல் நாள் வீடு கூட்ட மாட்டார்கள், வந்த செல்வம் வெளியே போய்விடும் என்று. விளக்கு வைத்த பின் கூட்டாதே என்று நம் பாட்டி சொன்னதைப் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்.

நீங்கள் போகும் வீட்டுப் பாட்டியை எப்படி அழைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹொக்கியன் வீடாக இருந்தால் ‘ஆ மா’ என்பார்கள். உள்ளே நுழைந்ததும் பிள்ளை முதலில் அவரைத்தான் அழைக்க வேண்டும், பிறகுதான் பலகாரம். அடுத்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அந்த ஆ மாவை உங்கள் பிள்ளையே நேரில் போய் அழைத்து வரட்டும்.