பிரசன்னம் தேடும் மருமகனுக்கு

திண்டிவனம்,
சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் எட்டிப் பார்க்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அம்மா, என் அண்ணி, நேற்று போன் பண்ணி அழுதுவிட்டார்கள். நம் சபையைச் செத்த சபை என்றாயாம், அங்கே பிரசன்னமே இல்லை என்றாயாம். அதைக்கூட அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். விழுப்புரத்தில் வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் சுற்றி எல்லாரும் கண்ணீரோடு துதிக்க, உனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்று, கர்த்தர் உன்னைக் கைவிட்டுவிட்டதாக நினைத்து அன்ன ஆகாரம் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் ரயில்வே ஜங்ஷன் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று வேறு பேச்சு.

எந்தச் சபைக்குப் போவது என்பது உன் இஷ்டம். நீ சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் ஒன்றைக் கேள்.

கர்த்தர் துதியில் வாசம் பண்ணுகிறார் என்று சொல்ல நீ போகிற கூட்டத்தில் எந்த வசனத்தை எடுக்கிறார்கள்? 22ஆம் சங்கீதம், 3ஆம் வசனம். நல்ல வசனம், சத்தியமான வசனம். அந்தச் சங்கீதம் எப்படித் தொடங்குகிறது என்று வேதாகமத்தைத் திறந்து பார். கைவிடப்பட்டவனின் அலறலோடு தொடங்குகிறது. இரவும் பகலும் கூப்பிட்டுப் பதில் வராதவன்தான் துதியைப் பற்றி அந்த வசனத்தைச் சொல்கிறான். நம் இரட்சகர் சிலுவையில் தொங்கிக்கொண்டு சொன்னதும் அதே முதல் வசனம்தான். அன்று அவருக்கு உடம்பு சிலிர்த்திருக்குமா? பிதா அவரோடு இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? பின்னே உனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றும் தோன்றாமல் போனதற்கு ஏன் இப்படி உடைந்து போகிறாய்?

இதே திண்டிவனத்து மிஷன் பங்களாவில் 1890களில் ஐடா ஸ்கடர் அம்மாவுக்கு நடந்தது உனக்குப் பாடம்தான். ஞாயிறு பள்ளியில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கதையை நான் சொல்லும்போது நீ கதவு தட்டுகிற சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பாய். இப்போது யோசித்துப் பார். மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண். ஒரே இரவில் மூன்று புருஷர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவச் சொல்லி வந்து நிற்கிறார்கள். அவள் அப்பா டாக்டர், வரத் தயார். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று திரும்பிப் போகிறார்கள். விடிந்ததும் சாவு மேளம். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்றைக்குக் கர்த்தர் அவளோடு பேசியது பாட்டிலும் இல்லை, பரவசத்திலும் இல்லை. பயத்திலும் துக்கத்திலும் பேசினார். அவள் மருத்துவம் படிக்கப் போனாள், 1900இல் திரும்பி வந்தாள், 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாள். பிரசன்னம் எந்த வாசல் வழியாக வரும் என்று நாம் கட்டளை போட முடியாது தம்பி.

ஊழியம் என்றால் என்ன என்று நம் குடும்பத்திலேயே பார். உன் தாத்தா உபதேசியார். ஆர்மோனியப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு ஆற்காடு மிஷன் கிராமங்களில் சபைக்கு வந்த நம் முன்னோர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? அவர்களுக்கு வேதம் காது வழியாகத்தான் வந்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் ராகமும் தாளமும் போட்டுக் கட்டிய கீர்த்தனைகளைப் பல்லவி, அனுபல்லவி, ஆறு சரணம் என்று பாடிப் பாடியே மனதில் இருத்திக்கொண்டார்கள். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷன் தொடங்கிய அதே 1853இல்தான் மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டார். புத்தகம் இருந்தும் நம் ஜனங்களுக்கு அது தேவைப்படவில்லை. நாற்று நடும்போதும் பாடினார்கள், பிணத்தருகே உட்கார்ந்தும் பாடினார்கள்.

இதைச் சொல்லும்போதே எனக்கு மனம் வலிக்கிறது. உன் தாத்தா கடைசியாக வேலை பார்த்த சேகரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கீபோர்டு வந்ததும் ஆர்மோனியத்தைத் தூக்கிப் பாய்க்கட்டுகளுக்கு நடுவில் போட்டார்கள். துருத்தியை எலி கடித்துவிட்டது. பிறகு ஆல்டருக்குப் பக்கத்தில் பெரிய ஸ்கிரீன் மாட்டினார்கள். முன் வரிசையில் பாயில் உட்கார்ந்து கணீரென்று பாடிக்கொண்டிருந்த கிழவிகளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பாட்டும் வாரத்துக்கு ஒன்று புதிது. அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் சபையின் நூறு வருஷத்துத் துதி அந்தக் கிழவிகளின் நெஞ்சில் இருந்தது. அதை ஒருவரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

புதுப் பாட்டு கூடாது என்று அத்தை சொல்வதாக நினைக்காதே. ஃபாதர் பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் எத்தனை எனக்கு மனப்பாடம் என்று அண்ணியைக் கேள். சுலபமான வார்த்தை, ஒரு தரம் கேட்டால் நிற்கும். நீ போகிற இடத்தில் எழுத்தை ஸ்கிரீன் காட்டுகிறது, சத்தத்தை ஸ்பீக்கர் போடுகிறது, அழுகையை மேடையில் இருப்பவர் தூண்டுகிறார். அவையெல்லாம் நின்றுபோனால் உன்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? பிலிப்பி சிறையில் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்களே, அவர்களுக்கு யார் வரி எடுத்துக் கொடுத்தது?

அப்படி ஒரு துதியை நானே பார்த்தேன். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. பக்கத்திலுள்ள மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது. கோயிலுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ஆயா, கைநாட்டு, பேரப்பிள்ளைகளோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தது. நனைந்த சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு ஆரம்பித்தது பார். குளிரில் தாடை நடுங்குகிறது, முன்பல் இல்லாததால் பாதி எழுத்து காற்றாகப் போகிறது, ஆனால் ஒரு சரணம் விடவில்லை. கீழே அதன் வீட்டு அரிசியெல்லாம் தண்ணீரில். ஆயாவின் முகத்தில் பரவசம் ஒன்றும் இல்லை, கவலைதான் இருந்தது. கவலையோடேயே கர்த்தரைத் துதித்தது. பிள்ளைகள் பயம் விட்டுக் கூடவே பாடினார்கள். அங்கே தேவ பிரசன்னம் இருந்தது என்று நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சாட்சி சொல்வேன்.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். முழு இரவு ஜெபத்துக்குப் போ, தடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை டியூட்டி இருக்கிற வாரம் வேண்டாம். தண்டவாளத்தில் வேலை, தூக்கக் கலக்கத்தில் போகாதே, எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். உபவாசம் இருந்தால் ஒரு வேளையோடு முடித்துக்கொள். தினமும் டியூட்டி முடிந்து ரூமுக்கு நடக்கும்போது ஒரு கீர்த்தனையை முழுசாக, எல்லாச் சரணமும், வாய்க்குள்ளேயே பாடு. ஏதாவது தோன்றுகிறதா என்று உன்னையே சோதித்துக்கொண்டு இராதே. ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. ஆறு மாதம் கழித்தும் அழைப்பு இருந்தால் அப்போது உட்கார்ந்து ஜெபித்துப் பேசுவோம். இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கே நம் சபைக்கு வந்துவிடேன். வருவதும் வராததும் உன் விருப்பம். சபை ஐயரிடம் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன்.

அதிகமாகப் பேசிவிட்டேனோ என்னவோ. என் தங்கமே, உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கர்த்தரைத் தேடி அழுகிற பிள்ளை எத்தனை வீட்டில் கிடைக்கும்? உன் வயதுப் பையன்கள் எதைத் தேடி இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா இருந்திருந்தால் உன்னைப் பார்த்துப் பூரித்திருப்பார். உன் குரலும் அப்படியே அவர் குரல். நீ பாடினால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்குப் பிறகு தாத்தாவின் கீர்த்தனைப் புத்தகம் உனக்குத்தான், அதில் யாருக்கும் பங்கு இல்லை.

நாளைக்கே வருவதானால் முதல் பஸ்ஸில் ஏறு, ஆராதனைக்குச் சரியாக இருக்கும். மத்தியானத்துக்கு உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். அழுக்குத் துணியெல்லாம் மூட்டை கட்டி எடுத்து வா, நான் துவைத்துத் தருகிறேன். பணம் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள். அண்ணிக்கு இன்றைக்கு ராத்திரியே ஒரு போன் பண்ணிவிடு.

உனக்காக இடைவிடாமல் ஜெபிக்கும்,
அத்தை