கொழுந்து மிகும் கோடையில் சபைகள் செய்ய வேண்டியவை

சமவெளியில் கோடை என்றால் விடுமுறை. நீலகிரியின் கட்டபெட்டில் அது வேலைக்காலம். ஏப்ரலில் ஒன்றிரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் தேயிலை மளமளவென்று துளிர்க்கும், முற்றுவதற்குள் பறித்தாக வேண்டும். காலையிலேயே தோட்டத்தில் இறங்கும் பெண்கள், மாலையில் மூட்டையைத் தராசில் ஏற்றி, எத்தனை கிலோ என்று சீட்டில் எழுதி வாங்கிய பிறகுதான் வீட்டு அடுப்பை நினைக்கிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வண்டிகளெல்லாம் கடந்து போகும் ஊர் இது. சீசனில் டாக்சி ஓட்டுபவருக்கு ஞாயிறும் வேலைநாள்தான்.

ஆகவே கோவையிலோ சென்னையிலோ போட்ட மூன்று நாள் முகாம் அட்டவணையை இங்கே அப்படியே கொண்டுவந்தால் ஆள் சேராது. நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் வீடே சேரும். இந்த ஆண்டு சபைகள் அந்தக் கணக்கில் திட்டமிடுவது நல்லது.

வீட்டில்

குடும்ப ஜெபத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றலாம். நாள் முழுதும் இலை பறித்துவிட்டு வந்தவர்கள் இரவு எட்டரைக்கு வேதத்தைத் திறந்தால் இரண்டாம் வசனத்திலேயே தூக்கம் வந்துவிடும். காலைத் தேநீர் கொதிக்கும் நேரத்தில் ஓர் அதிகாரம், ஒரு ஜெபம் போதும்.

எதை வாசிப்பது? லூக்காவில் 24 அதிகாரம். ஞாயிறு நீங்கலாக நாளுக்கு ஒன்று என்றால் சரியாக நான்கு வாரம். நீலகிரிக்கு அந்த நற்செய்தியோடு பழைய உறவும் உண்டு. பாசல் மிஷன் 1846இல் கேத்தியில் கால் ஊன்றியது. ஓய்வுபெற்ற நீதிபதி காஸமேஜர் அங்கே படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1849இல் இறந்த அவர், தன் சொத்தை மிஷனுக்கு எழுதிவைத்திருந்தார். 1867இல் மிஷன் வேலை கோத்தகிரிக்கும் வந்தது. அந்த நூற்றாண்டிலேயே லூக்கா நற்செய்தி படுக மொழியில் அச்சேறிவிட்டது. வீட்டில் படுகு பேசுகிறவர்கள், தமிழில் வாசித்ததைப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். பாட்டி சொல்லும் கெட்ட குமாரன் கதை பிள்ளைகளின் மனதில் சட்டென்று ஒட்டும்.

பிள்ளைகளுக்கு

விடுமுறை வேதாகமப் பள்ளியை (வி.பி.எஸ்.) மே முதல் வாரத்தில் தொடங்குவது உசிதம். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை வைத்தால், தோட்டத்துக்குப் போகும் தாய்மாருக்கும் நிம்மதி. வி.பி.எஸ். பிறந்ததே பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லாத கவலையில்தான். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் சுற்றிய பிள்ளைகளுக்காக ஹாஸ் என்ற அம்மையார் ஒரு பீர்க்கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி நடத்தினார்.

ஆசிரியரைத் தேடி வெளியூர் போக வேண்டாம். 1876இல் அலகாபாத்தில் தொடங்கிய இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம், பின்னாளில் குன்னூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. அப்படிப்பட்ட மலையில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் வாலிபர்களைப் பிடித்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாலே வகுப்பு ஓடும். சில காரியங்களில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் பெரியவர்கள் இருவர். தினமும் வருகைப் பதிவு. மற்ற மதத்துப் பிள்ளைகள் வந்தால், பெற்றோரின் சம்மதம் முதல் நாளே. சுண்டலுக்கும் டீக்கும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருப்பதைப் பிள்ளைகளும் அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

ஞாயிறு வர முடியாதவர்களுக்கு

டிரைவர், ஓட்டல் ஊழியர், காட்டேஜ் காவலாளி ஆகியோரை மே மாதம் முழுக்க ஆலயத்தில் பார்க்க முடியாது. குறை சொல்லிப் பயனில்லை. செவ்வாய் அல்லது புதன் மாலை ஐந்து மணிக்கு, முக்கால் மணி நேரத்தில் முடியும் நற்கருணை ஆராதனை ஒன்றை ஆயர்கள் ஏற்பாடு செய்யலாம். நேரத்தில் முடிப்பது முக்கியம். பொழுது சாய்ந்தால் தேயிலைக் காட்டுப் பாதையில் கரடியும் காட்டுமாடும் நடமாடும். வீட்டு ஜெபக்கூட்டங்களும் ஆறரைக்குள் முடியட்டும். தாமதமானால் தனியாக யாரையும் அனுப்பாமல் டார்ச்சோடு கூட்டமாகப் போகட்டும். பிற்பகலில் இடிமழை வரும் மாதம் என்பதால் திறந்தவெளிக் கூட்டம் வேண்டாம்.

விருந்தாளி சபைகளுக்கு

சமவெளியிலிருந்து வாலிபர் முகாமுக்கு வருகிறவர்களுக்கு இங்குள்ள சபையார் இப்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டியது, நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கான இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7இல் அது அமலுக்கு வந்தது. 2025 சீசனில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். இந்த ஆண்டின் விதியை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. முகாமை வார நாளில் வைத்தால் சாலை நெரிசலும் குறையும். மே மாதமானாலும் இரவில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

மே மாத நாட்காட்டி

கத்தோலிக்கர்களுக்கு மே, மாதாவின் மாதம். மே 3 ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்தின் திருவிழா. கூட்டம் நெருக்கும் என்பதால் வயதானவர்களைக் காலைத் திருப்பலிக்கே அழைத்துச் செல்வது நல்லது. தினசரி ஜெபமாலையை வீடு வீடாக முறை வைத்தால் ஒரே வீட்டுக்குப் பாரமாகாது.

ஈஸ்டர் தொடங்கி 40ஆம் நாள் பரமேறுதல், 50ஆம் நாள் பெந்தெகொஸ்தே. இடைப்பட்ட நாள்களைச் சீஷர்கள் மேல்வீட்டில் ஜெபத்தில் கழித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே நாள்களுக்கென 2016இல் கான்டர்பரி, யார்க் பேராயர்கள் தொடங்கிவைத்த ஜெப அழைப்பு இன்று பல நாடுகளில் நடக்கிறது. அந்த அழைப்பை ஏற்று, கட்டபெட்டிலும் ஐந்து பேரின் பெயரைச் சீட்டில் எழுதி, இலை பறிக்கும்போதே தினமும் அவர்களுக்காக ஜெபிக்கலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும், தென்மேற்குப் பருவமழையும் வந்து சேரும். அதற்கு முன் வி.பி.எஸ். வருகைப் பதிவேட்டை ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்து, ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய்வரச் சொல்ல வேண்டும்.