மண்டலச் சுற்றும் இரண்டாம் ஆட்டக்காரரும்



கால்பந்தும் கிரிக்கெட்டும் கோலோச்சும் ஊரிலிருந்துகொண்டு டென்னிஸைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நான் குடியிருப்பது மட்டாஞ்சேரியில். மாலை வேளையில் கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானத்துப் பக்கம் சென்றால் பந்தை உதைத்தாடும் பிள்ளைகளைக் காணலாம். சந்துகளில் கிரிக்கெட் மட்டையுடன் நிற்கும் சிறுவர்களைக் காணலாம். டென்னிஸ் மட்டையைத் தோளில் மாட்டிச் செல்வோரைக் காண்பதோ அரிது. நம் தமிழ் மாணவரிடையேயும் டென்னிஸ் என்றால் விம்பிள்டன். விம்பிள்டன் என்றால் இறுதி ஆட்டம். அதற்கு மேல் பேச்சு நடப்பதில்லை.

டென்னிஸ் தனியொருவரின் ஆட்டம் என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் நாட்டை எதிர்த்து நாடு ஆடும் டேவிஸ் கோப்பைப் போட்டியில், அதிலும் உலக அரங்கின் விளக்கொளி படாத மண்டலச் சுற்றுகளில், அந்த எண்ணம் பொய்த்துப் போகிறது. ஒரு நாட்டின் முதல் ஆட்டக்காரர் எத்துணைச் சிறந்தவராயினும் அவரால் மட்டுமே அந்நாடு கரையேறுவது கடினம். இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கே நிறுக்கப்படுகின்றனர். இக்கட்டுரையின் கருத்து இதுவே. இனி அதனைச் சான்றுகளுடன் காண்போம்.

ஒரு மாணவர் தொடங்கிய போட்டி

இப்போட்டியைத் தொடங்கியவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். நம்மைப் போன்ற மாணவர் ஒருவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற ட்வைட் டேவிஸ் என்பவர் வெள்ளிக் கோப்பை ஒன்றைச் செய்வித்து அளித்தார். 1900ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரை அடுத்த லாங்வுட் கிரிக்கெட் மன்றத்தில் அமெரிக்காவும் பிரிட்டிஷ் தீவுகளும் முதன்முதலாக மோதின. அமெரிக்கக் குழுவின் மூவரும் ஹார்வர்டு மாணவர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. முதலிரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் அமெரிக்கா வென்றது. வெற்றியை உறுதி செய்த மூன்றாவது புள்ளி, டேவிஸும் ஹால்கம் வார்டும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது.

இரு நாடுகளுடன் தொடங்கிய போட்டி விரைவில் வளர்ந்தது. இந்தியா 1921இல் அடியெடுத்து வைத்தது. அவ்வாண்டே பிரான்சை 4-1 என்று வீழ்த்திப் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

பந்தயத்தின் அமைப்பு

இரு நாடுகள் மோதும் ஒரு பந்தயத்தில் ஐந்து ஆட்டங்கள் உண்டு: நான்கு ஒற்றையர், ஒன்று இரட்டையர். மூன்று ஆட்டங்களை வெல்லும் நாடு வென்றதாகும். ஒவ்வொரு நாடும் ஒற்றையருக்கு இருவரை நிறுத்தும். முதல் நாளில் ஒரு நாட்டின் முதலாமவர் மறு நாட்டின் இரண்டாமவரை எதிர்ப்பார். பின்னர் இரட்டையர். அதன்பின் முதலாமவர் முதலாமவரையும், இரண்டாமவர் இரண்டாமவரையும் எதிர்ப்பர். முன்னாளில் மூன்று நாள் நடந்த பந்தயம் இப்போது இரண்டு நாளில் முடிகிறது. ஐந்து செட்டுகள் வரை நீண்ட ஆட்டம் மூன்று செட்டுகளாகச் சுருங்கிவிட்டது.

இக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். ஒரு நாட்டில் ஈடிணையற்ற வீரர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவர் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களை வென்று தரலாம். மூன்றாவது புள்ளிக்கு இரட்டையரில் அவருக்கு ஒரு துணை வேண்டும். அல்லது இரண்டாமவர் தம் ஆட்டங்களில் ஒன்றையேனும் வெல்ல வேண்டும். மேலும், இன்றைய முறைப்படி இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை வந்துவிட்டால், கடைசி ஆட்டத்தை ஆடவேண்டியவர்கள் இரு நாட்டின் இரண்டாமவர்களே. நாட்டின் மானம் அவர் கையில் வந்து நிற்கிறது!

மட்டாஞ்சேரி மிளகுக்குப் பேர்போன ஊர். மூட்டையின் வாயைத் திறந்து மேலாகக் கிடக்கும் மணிகளை மட்டும் பார்த்து விலை பேசுபவர் வியாபாரி ஆகமாட்டார். குத்தூசியை நடுவில் செருகி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பார்த்த பிறகே விலை. டேவிஸ் கோப்பையின் பந்தய அமைப்பும் அத்தகைய குத்தூசி எனலாம். அது மேலே மின்னும் மணியோடு நிற்பதில்லை; மூட்டையின் நடுவையும் அடியையும் சோதிக்கிறது.

மண்டலங்கள் ஏன் வந்தன?

கலந்துகொள்ளும் நாடுகள் பெருகியதும் 1923இல் அமெரிக்க மண்டலம், ஐரோப்பிய மண்டலம் என இரு பிரிவுகள் வகுக்கப்பட்டன. இந்தியா அந்நாளில் ஐரோப்பிய மண்டலத்தில் ஆடவேண்டியிருந்தது. கப்பலேறிப் பல வாரங்கள் பயணம் செய்து, பழகாத குளிரிலும் பழகாத தரையிலும் ஆடிவிட்டுத் திரும்ப வேண்டும். 1950களில் கீழை மண்டலம் உருவாயிற்று. அதன்பின்னர் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஈரான், ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகள் தம்முள் மோதி, வென்ற நாடு மண்டலங்களுக்கு இடையிலான சுற்றுக்குச் செல்லும் வழி பிறந்தது.

இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பந்தயம் ஏதேனும் ஒரு நாட்டின் மண்ணில் நடக்கும். எந்நாடு விருந்தோம்புவது என்பது முறைவைத்து மாறும். ஆடுதரையைத் தேர்வது விருந்தோம்பும் நாட்டின் உரிமை. ஆகவே நம் நாட்டு மக்கள் நம் ஊர்ப் புல்தரையில் உலக வீரர்களைக் காணும் வாய்ப்பு மண்டலச் சுற்றால் வந்தது.

1981இல் முதல் 16 நாடுகளைக் கொண்ட உலகப் பிரிவு அமைந்தது. எஞ்சிய நாடுகள் தத்தம் மண்டலங்களில் ஆடி, மேலே ஏற முயன்றன. நம் மண்டலத்துக்கு ஆசிய-ஓசியானிய மண்டலம் என்று பெயர். 2019இல் அமைப்பு மீண்டும் பெரிதும் மாறியது. தகுதிச் சுற்றுக்குக் கீழே உலகப் பிரிவு ஒன்று, இரண்டு என்ற படிகளில் இப்போது எல்லாக் கண்டத்து நாடுகளும் கலந்தே ஆடுகின்றன. மூன்றாம் படியிலிருந்து கீழேதான் மண்டலப் பிரிவினை நிற்கிறது. அங்கே பல நாடுகள் ஒரே ஊரில் கூடி, சில நாட்களுக்குள் இரண்டு ஒற்றையரும் ஓர் இரட்டையருமாக ஆடித் தம் தகுதியை நிலைநாட்டுகின்றன.

கிருஷ்ணனின் 1966

மண்டலச் சுற்றில் தொடங்கி இறுதி வரை சென்ற முதல் இந்தியக் குழு 1966ஆம் ஆண்டினது. அதன் தூண் இராமநாதன் கிருஷ்ணன். அவர் 1937இல், அன்று திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் பிறந்த தமிழர். தந்தை டி.கே. இராமநாதனே அவருக்கு ஆசான். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றவர். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கே ஆடவர் அரையிறுதியை எட்டியவர்.

கீழை மண்டலத்தை வென்ற இந்தியா மேற்கு ஜெர்மனியைப் புதுதில்லியில் வீழ்த்தியது. கல்கத்தாவில் பிரேசிலுடன் நடந்த அடுத்த பந்தயம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக் என்பவரிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கியிருந்தார். அங்கிருந்து மீண்டு 3-6, 6-4, 10-12, 7-5, 6-2 என்று வென்றார். இவ்வரலாற்றைக் கேட்போர் ஒருவரின் வீரத்தைப் பாடுகின்றனர். பாடத் தக்கதே. ஆயினும் மெல்போர்னில் நடந்த இறுதிப் பந்தயத்தைப் பாருங்கள். ஸ்டோலியும் எமர்சனும் ஒற்றையர் ஆட்டங்கள் நான்கையும் ஆஸ்திரேலியாவுக்கு வென்று கொடுத்தனர். இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே புள்ளி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப்-ரோச் இணையை வென்ற இரட்டையர் ஆட்டமாகும். நியூகோம்ப்-ரோச் இணை உலகின் தலைசிறந்த இணைகளுள் ஒன்று என்பதை நினைவிற் கொள்க.

1974: வென்றதும் விட்டதும்

மண்டலச் சுற்றின் பெருமைக்கு 1974ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு மே மாதம் 10 முதல் 12 வரை கல்கத்தாவில் கீழை மண்டல இறுதிப் பந்தயம் நடந்தது; எதிரி ஆஸ்திரேலியா. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களும் ஜஸ்ஜித் சிங்கும் இந்தியாவுக்காக ஆடினர். டேவிஸ் கோப்பையில் டை-பிரேக்கர் முறை 1989இல்தான் வந்தது. ஆகவே அந்நாளில் ஒரு செட் முடிவின்றி நீளும். அமிர்தராஜ் சகோதரர்கள் அலெக்ஸாண்டர்-டிப்ளி இணையை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றனர். இவ்வோர் ஆட்டத்தில் மட்டும் 99 கேம்கள்! பந்தயம் முழுவதிலும் 327 கேம்கள். டேவிஸ் கோப்பை வரலாற்றிலேயே மிகுதியான கேம்கள் கொண்ட பந்தயம், உலக இறுதியன்று. நம் மண்டலத்தின் இந்தப் பந்தயமே. இந்தியா 3-2 என்று வென்றது. அந்த மூன்றில் ஒன்று, பலர் இன்று பெயரையும் மறந்துவிட்ட ஜஸ்ஜித் சிங் வென்ற ஒற்றையர் ஆட்டம்.

பின்னர் சோவியத் ரஷ்யாவையும் வென்று இந்தியா இறுதிக்கு வந்தது. எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாட்டு அரசு அன்று நிறவெறியைச் சட்டமாக்கி வைத்திருந்தது. இந்திய அரசு ஆட மறுத்தது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. இறுதிப் பந்தயம் இவ்வாறு முடிந்தது அந்த ஒரு முறைதான்.

வீரர்களின் நெஞ்சம் எத்துணை நொந்திருக்கும்! மூன்று நாள் கல்கத்தாவின் கோடை வெயிலில் 327 கேம்கள் ஆடிப் பெற்ற உரிமையைக் கைவிடுதல் எளிதன்று. தோலின் நிறத்தால் மனிதரைப் பிரித்த ஆட்சியோடு கைகுலுக்குவதில்லை என்ற முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அம்முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. கோப்பை கிட்டாத ஆண்டு என்று அதனை ஒதுக்கிவிட்டால், அவர்கள் மண்டலச் சுற்றில் சிந்திய வியர்வைக்கு யார் சாட்சி?

நம் காலத்துச் சான்றுகள்

பழங்கதை போதும் என்பீர்களாயின், அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018 ஏப்ரலில் சீனாவின் தியான்ஜின் நகரில் ஆசிய-ஓசியானிய மண்டலப் பந்தயம். முதல் நாள் ஒற்றையர் இரண்டிலும் இந்தியா தோற்றது. மறுநாள் லியாண்டர் பயஸ், ரோகன் போபண்ணா இணை முதல் செட்டை இழந்தும், அடுத்த இரண்டையும் டை-பிரேக்கரில் கைப்பற்றியது. பயஸுக்கு அது டேவிஸ் கோப்பையில் 43ஆவது இரட்டையர் வெற்றி. இத்தாலியின் பியத்ராஞ்செலி வைத்திருந்த சாதனை முறிந்தது. அடுத்து சென்னை இளைஞர் ராம்குமார் ராமநாதன் வென்று சமநிலை கண்டார். கடைசி ஆட்டத்தில் இறங்கியவர், முதல் நாள் களமிறங்காமல் வெளியே அமர்ந்திருந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன். இவரும் சென்னையைச் சேர்ந்தவரே. அவர் வென்றார், இந்தியா 3-2 என்று கரையேறியது.

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் உலகப் பிரிவு ஒன்றின் பந்தயம். நாட்டுக்காக முதன்முறையாக ஆடிய மதுரை இளைஞர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதல் ஆட்டத்திலேயே வென்றார். சுமித் நாகல் இரண்டு ஆட்டங்களை வென்றார். இந்தியா 3-1 என்று வென்று 2026ஆம் ஆண்டின் தகுதிச் சுற்றுக்கு உரிமை பெற்றது. ஐரோப்பிய மண்ணில் 1993க்குப் பின் இந்தியா கண்ட முதல் டேவிஸ் கோப்பை வெற்றி அது. சுரேஷ் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகக் குழுவில் ஆடிவந்த மாணவர் என்பதும் நமக்கு உவகை தரும் செய்தியன்றோ?

நமக்குரிய பாடம்

நம் மன்றத்தின் கைப்பந்துக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் பொழுதெல்லாம் நான் கேட்கும் மறுமொழி ஒன்று உண்டு. “நான் எப்படியும் மாற்றாள்தானே! எனக்கு எதற்குப் பயிற்சி?” இவ்வாறு சொல்லும் நண்பர்கள் சோம்பேறிகள் அல்லர். முதலிடம் கிட்டாதவனுக்கு வேலையில்லை என்று நம் பள்ளிகளும் தேர்வுப் பட்டியல்களும் இளமை தொட்டே அவர்களுக்குச் சொல்லி வந்திருக்கின்றன. அவ்வளவுதான். முதல் மதிப்பெண் பெற்றவரின் படம் சுவரில் ஏறும். இரண்டாமவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

டேவிஸ் கோப்பை அவ்வாறு கேட்கிறது. “உங்கள் இரண்டாமவர் எங்கே? உங்கள் இணை எங்கே? வெளியே அமர்ந்திருப்பவர் ஆயத்தமாக இருக்கிறாரா?” என்று மண்டலச் சுற்று ஒவ்வொரு நாட்டையும் வினவுகிறது. விடை சொல்ல முடியாத நாடு, எத்துணைப் பெரிய வீரரைப் பெற்றிருந்தாலும், அடுத்த ஆண்டும் அதே படியில் நிற்கிறது.

எனவே நண்பர்களே, அடுத்த முறை இந்தியா ஆடும் பந்தயத்தைப் பார்க்க வாய்ப்புக் கிட்டினால், புகழ்பெற்றவர் ஆடும் முதல் ஆட்டத்தோடு எழுந்து போய்விடாதீர்கள். இரட்டையர் ஆட்டத்துக்கு இருங்கள். கடைசி ஆட்டம் வரை இருங்கள். நம் மன்றத்துக் கைப்பந்துப் பயிற்சிக்கும், மாற்றாள் என்று பெயர் கொடுத்தவர்கள் முதலில் வந்து சேருங்கள். உங்கள் முறை எந்த நாளில் வரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. வரும் நாளில் கை பழகியிருக்க வேண்டும்.