களப்பு நீரோட்டமும் இறால் வளர்ப்பும்

புத்தளம் களப்பு ஏறக்குறைய 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடக்கே கற்பிட்டிப் பக்கத்தில் அது கடலோடு கலக்கின்றது. கலா ஓயாவும் மீ ஓயாவும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தெற்கே செல்லச் செல்லக் கடலின் வற்றுப்பெருக்குத் தளர்ந்துவிடும். ஆதலின் வறட்சிக் காலத்தில் நீர் ஆவியாகி, உவர்ப்புக் கடல்நீரினும் மிகுகின்றது. உப்பு விளைவிப்போருக்கு இது நன்மை, இறாலுக்கு அன்று.

களப்பின் தென்முனையிலிருந்து ஒல்லாந்தர் கால்வாய் முந்தல் ஏரியைத் தொட்டு, உடப்புப் பக்கமாகச் சிலாபத்தை நோக்கிச் செல்கின்றது. படகிற் சரக்கேற்றிச் செல்லப் பயன்பட்ட வழி அது. 1980ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் இறாற் பண்ணைகள் பெருகியபோது, நீர் எடுப்பதற்கும் கழிப்பதற்கும் பலருக்கு அஃதொன்றே வழியாயிற்று.

இக்கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஒடுங்கிய கால்வாயில் அது நீரை முன்னும் பின்னும் அசைக்குமேயன்றி விரைவில் வெளியேற்றாது. காலையில் ஒருவர் திறந்துவிட்ட கழிவுநீரை மாலையில் அயலவரின் பம்பி இழுத்துக்கொள்ளும். சிலாபம் களப்பிலோ மணல்திட்டு முகத்துவாரத்தை அடைப்பதும் உண்டு.

1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. அந்நோய்க்கிருமி குஞ்சுகளோடும் வரும், நண்டின் உடலிலும் தங்கும். ஆயினும் அயற்பண்ணைக்கு அதனைச் சுமந்து செல்வதில் பொதுநீருக்குப் பெரும் பங்குண்டு. இறால் உணவைக் குறைத்து, வரம்போரம் ஒதுங்கி, ஓட்டில் வெண்புள்ளி தோன்றுமாயின், 3 முதல் 10 நாட்களுள் குளம் முழுவதும் மடியக்கூடும். கிடைத்ததையேனும் பிடிப்போம் என்று அவ்வேளை மதகைத் திறந்துவிடுவோர் அயலவர் அனைவருக்கும் கேடு செய்கின்றனர். மதகை அடைத்து, வலையாற் பிடித்து, எஞ்சிய நீருக்கு வெளிற்றுந்தூள் இட்டு, சில நாட்கள் தேக்கிய பின்னரே விடுதல் வேண்டும். தூளின் அளவை நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபையின் அலுவலரிடம் கேட்டறிக. வலயம் வலயமாகக் குஞ்சு விடும் காலத்தை வகுத்த நாட்காட்டியும் அவர்களிடம் உண்டு.

நோயில்லாத காலத்திலும் கழிவுநீரைப் படிவுக் குளத்தில் தெளியவிடுக. நிலம் வீணாகின்றதே என்று இதற்குத் தயங்குவோர் உளர். அயலவரும் அவ்வாறே எண்ணினால் தம் குளத்துக்கு வரும் நீர் எத்தகையது என்பதை அவர்கள் கருதுவதில்லை. குளத்தடியிற் சேர்ந்த கருஞ்சேற்றைக் கால்வாயிற் கொட்டுதல் ஆகாது. கால்வாய் மேடுற்று, உள்ள ஓட்டமும் குன்றும்.

கால்வாயோரம் குறியிட்ட கம்பொன்றை நட்டுவைத்தால் நீர் ஏறுவதும் இறங்குவதும் எளிதிற் புலப்படும். ஏறும் வேளையில் நீர் எடுத்து, தெளிந்த கழிவுநீரை இறங்கத் தொடங்கும்போது விடுக.