ஆதார் அட்டை தொலைந்தால்

உத்தமபாளையம்

அன்பு மருமகன் முத்துவேலுக்கு,

'தேசிய அடையாள அட்டை' என்று பெயரிட்ட ஒரே அட்டை இந்தியாவில் கிடையாது. நடைமுறையில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ஆதார். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. அதற்கான தனிச் சட்டம் 2016இல் வந்தது. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் கம்பத்தில் சிம் வாங்கப் போனாலும், சின்னமனூரில் வங்கிக் கணக்குத் தொடங்கினாலும், மலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். அட்டையைக் காணோம் என்றதும் வீடு அமளிப்படுவது இதனால்தான்.

அந்த அமளியில் பாதி தேவையற்றது. தொலைவது எண்ணை அச்சிட்ட தாள் மட்டுமே. பன்னிரண்டு இலக்க எண், கைரேகை, கருவிழிப் பதிவு, புகைப்படம் எல்லாம் தனித்துவ அடையாள ஆணையத்தின் தரவுத்தளத்தில் இருந்தபடியே இருக்கின்றன. அட்டை இல்லாததால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடாது, நூறு நாள் வேலைக் கூலியும் நின்றுவிடாது. அவை எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்குப் போகின்றன. இங்கே பலர் செய்யும் பிழை, 'புதுசா ஒண்ணு எடுத்துரலாம்' என்று மறுபடி பதிவுக்குப் போய் நிற்பது. ஒரே ஆளின் கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது பதிவைக் கணினி தள்ளிவிடும். வாரக்கணக்கில் காத்திருந்தபின் 'நிராகரிக்கப்பட்டது' என்ற செய்திதான் மிஞ்சும். ஆகவே தேட வேண்டியது பழைய எண்ணை.

எண்ணுக்கான சாவி ஆதாரில் பதிந்த கைபேசி எண்தான். அந்த சிம் கையில் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் தொலைந்த எண்ணை மீட்பதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்தால் ஓடிபி வரும்; அதை இட்டதும் ஆதார் எண் குறுஞ்செய்தியாக வந்து சேரும். எண் தெரிந்தபின் அதே தளத்தில் மின் ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, அதனுடன் பிறந்த ஆண்டைச் சேர்த்தது. தமிழ்நாட்டுப் பெயர்கள் இங்கேதான் தடுக்கும். பெயருக்கு முன்னால் இனிஷியலும் புள்ளியும் அச்சாகியிருந்தால் அவையும் அந்த நான்கில் அடக்கம். இது தெரியாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள்.

மின் ஆதாருக்கும் தபாலில் வந்த அட்டைக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. கையில் வைத்துக்கொள்ளக் கெட்டியாக ஒன்று வேண்டுமென்றால் பிவிசி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2020 அக்டோபரில் 50 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. ஸ்பீட் போஸ்டில் வீட்டுக்கு வரும். வரும் முகவரி ஆதாரில் உள்ள முகவரி மட்டுமே. தேவாரத்து முகவரியில் எடுத்துவிட்டு நெடுங்கண்டத்தில் குடியிருப்பவருக்கு அட்டை தேவாரத்துக்குத்தான் போகும். வாங்கி வைக்க அங்கே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

சிக்கல் தொடங்குவது பதிந்த கைபேசி எண் கையில் இல்லாதபோது. கம்பம் பள்ளத்தாக்கில் இது அரிதல்ல. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் மலையில் எந்த சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்ப சிம் மாற்றிக்கொள்கிறார்கள். ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் எப்போதோ செத்திருக்கும். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது இவருடைய ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைபேசிக்குப் போகும். இன்னும் சிலர் வீட்டில் பெண்களின் ஆதாரில் எல்லாம் கணவன் எண்ணோ மகன் எண்ணோ பதிந்திருக்கும். அந்த மகன் திருப்பூரில் ஷிப்டில் இருந்தால் தேனியில் ஒன்றும் நடக்காது.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 1947 என்ற கட்டணமில்லா எண். தமிழிலேயே பேசலாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, பின்கோடு ஆகியவை பதிவோடு ஒத்துப்போனால் பதிவு எண்ணைச் சொல்வார்கள். அதை வைத்து அதே அழைப்பு எண்ணின் தானியங்கிச் சேவையில் ஆதார் எண்ணைப் பெறலாம். மற்றொன்று நேரில் போவது. தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி ஆகிய ஐந்து வட்டங்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகம் உண்டு. அரசு கேபிள் டிவி நிறுவனம் இத்தகைய அலுவலகங்களில் நிரந்தர ஆதார் மையம் நடத்துகிறது. சில அஞ்சலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இதே சேவை கிடைக்கும். கைரேகையோ கருவிழியோ வைத்து எண்ணைக் கண்டுபிடித்து, சிறு கட்டணத்தில் அச்சிட்டுத் தருவார்கள். போன காரியத்தோடு இப்போது புழங்கும் கைபேசி எண்ணையும் பதிந்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஆவணம் எதுவும் கேட்பதில்லை. 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். நடமாட முடியாத முதியவர்களுக்கு அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கி 2021இல் ஒரு வசதி கொண்டுவந்தது. தபால்காரரே வீட்டுக்கு வந்து கைபேசி எண்ணைப் பதிந்துவிடுவார். இது பலருக்குத் தெரியாது.

மலை வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஏலக்காய் எடுத்து, கவாத்து வெட்டிய கையில் ரேகை தேய்ந்துபோகும், கருவி ஏற்காது. அப்போது திரும்பி வந்துவிடாமல் கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கருவிழி பொதுவாக மாறுவதில்லை. மழுங்கிய ரேகையைப் புதுப்பிக்க உயிர்க்கூற்றுப் பதிவை மறுபடி கொடுக்கும் வசதி தனியே இருக்கிறது.

பர்ஸும் கைபேசியும் ஒன்றாகத் தொலைந்தால் வரிசை மாறும். அட்டை காத்திருக்கலாம், சிம் காத்திருக்காது. கைபேசி நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குவதும், வங்கியை அழைத்து ஏடிஎம் அட்டையையும் யுபிஐயையும் நிறுத்துவதும் முதல் மணி நேரத்து வேலை. பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். அதன்பின் மாற்று சிம் வாங்கப் போனால் கடையில் ஆதார் எண் கேட்பார்கள்; ஆதார் எண்ணை மீட்கப் போனால் சிம் கேட்கும். இந்த முடிச்சை அவிழ்ப்பது ஆதார் மையத்துக் கைரேகைதான், அல்லது ஓட்டுநர் உரிமம் போன்ற வேறொரு சான்று. மாற்று சிம் செயல்படத் தொடங்கியதும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அது மோசடியைத் தடுக்க வைத்த விதி. ஓடிபி வரவில்லை என்று அன்றே சண்டைக்குப் போவதில் பயனில்லை.

தொலைந்த அட்டை பிறர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வங்கிப் பணத்தை எடுத்துவிட முடியாது. ஓடிபியோ கைரேகையோ வேண்டும். ஆனால் நகலை வைத்து யாரேனும் சிம் வாங்கக்கூடும். தன் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்த்து, தெரியாதவற்றைப் புகார் செய்யலாம். மைஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் எண் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் மோசடி நடப்பதால் உயிர்க்கூற்றுப் பதிவைப் பூட்டிவைக்கலாம் என்று அறிவுறுத்துகிறார்கள். சரியான யோசனைதான். ஒரே நிபந்தனை, பூட்டியபின் ரேஷன் கடைக் கருவியிலும் ரேகை விழாது. சாமான் போடும் நாளன்று திறந்துவிட்டுப் பிறகு பூட்டத் தெரிந்தவர்களுக்கே அது ஏற்றது.

கீழே கிடந்த அட்டையை எடுத்தவர்கள் நல்லெண்ணத்தில் அதைப் படமெடுத்து வாட்ஸப் குழுக்களில் போடுகிறார்கள். எண்ணும் முகவரியும் ஊரெல்லாம் சுற்றுகின்றன. எண்ணை மறைத்துவிட்டுப் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டாலே உரியவருக்குச் சேதி சேரும். பேருந்தில் விட்டதாகச் சந்தேகம் இருந்தால் டிக்கெட்டோடு டெப்போவில் கேட்பது, ஜீப்பில் என்றால் அன்றைக்கே டிரைவரிடம் சொல்வது, இந்தப் பழைய வழிகளிலும் அட்டைகள் திரும்பக் கிடைக்கத்தான் செய்கின்றன.

ஆதாரை மறுபடி எடுக்கக் காவல் நிலையப் புகார் கட்டாயம் இல்லை. கடல் தாண்டி இலங்கையில் கதை வேறு. அங்கே தேசிய அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாடு முதல் படி. அந்தப் பிரதியோடு கிராம அலுவலர் வழியாகவே புது அட்டைக்கு விண்ணப்பம் போகும். இங்கே புகார் தேவைப்படுவது பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ், வாகனப் பதிவுச் சான்று போன்றவற்றுக்கு. அதற்காகத் தமிழ்நாடு காவல் துறை இணையத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பெறும் வசதி வைத்திருக்கிறது. திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை வேண்டும். பர்ஸைப் பறித்தது குமுளிச் சந்தையிலா லோயர் கேம்பிலா என்று எல்லை பார்த்து அலைக்கழிக்க இடமில்லை; 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம்.

வாக்காளர் அட்டை விஷயத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. அட்டை தொலைந்தவர் நிரப்ப வேண்டியது 8ஆம் படிவம். திருத்தம், முகவரி மாற்றம், மாற்று அட்டை எல்லாம் 2022 ஆகஸ்டு முதல் அந்த ஒன்றிலேயே அடங்குகின்றன. 6ஆம் படிவம் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு. தொலைந்த அட்டைக்குப் பதிலாக 6ஆம் படிவத்தைக் கொடுத்தால் ஒரே ஆள் இரண்டு முறை பட்டியலில் ஏறுவார். ஒரு பக்கம் கம்பம், போடிநாயக்கனூர் தொகுதிகள், மறுபக்கம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு தொகுதிகள் என்று இரண்டு மாநிலத்திலும் காலூன்றிய குடும்பங்கள் இங்கே நிறைய. இரட்டை வாக்கு என்ற புகார் தேர்தல்தோறும் எழுவதும் இதனால்தான். தொலைத்தவர் நல்லவராகவே இருக்கலாம். தாளில் அவர் பொய் உறுதிமொழி கொடுத்தவர் ஆகிவிடுவார், அதற்குத் தண்டனையும் உண்டு. மாற்று அட்டை வரும்வரை மின் வாக்காளர் அட்டையை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வாக்களிக்க அட்டைதான் வேண்டும் என்பதும் இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்ற மாற்று ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன. அட்டையைவிடப் பட்டியலில் பெயர் இருப்பதுதான் முக்கியம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதற்குப் பிறகு அதைச் சரிபார்க்காமல் இருப்பது கவனக்குறைவு. 1950க்கு அழைத்தும் கேட்கலாம்.

ரேஷன் ஸ்மார்ட் கார்டு தொலைந்தால் பொது வினியோகத் துறையின் தளத்திலோ இ-சேவை மையத்திலோ நகல் அட்டைக்கு எழுதிப்போடலாம். அதுவரை குடும்ப உறுப்பினர் ஒருவரின் கைரேகையில் சாமான் கிடைக்கும். பான் அட்டையின் மறு அச்சுக்குக் கட்டணம் 50 ரூபாய். ஆதார் வழியாகக் கிடைக்கும் இலவச உடனடி மின் பான், இதுவரை பான் எண்ணே பெறாதவர்களுக்கு மட்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் பதிவுச் சான்றுக்கும் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துத் தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும். டிஜிலாக்கரில் உள்ள பிரதியை வாகனச் சோதனையில் ஏற்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு மதுரை மண்டல அலுவலகம்.

கடைசியாக, நெட் சென்டர். கைபேசியில் செய்யத் தெரியாதவர்கள் அங்கேதான் போகிறார்கள், போவதில் தவறும் இல்லை. ஆனால் இறக்கிய மின் ஆதார் அந்தக் கணினியிலேயே கிடக்கும். கண்முன்னே அழிக்கச் சொல்லி, மைஆதாரிலிருந்து வெளியேறியதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் கொடுக்கும் இடங்களில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரே பெரும்பாலும் போதும். முழு நகல்தான் வேண்டும் என்றால் எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்று நகலின் மீதே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடலாம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் பிவிசி அட்டையையோ நகலையோ பையில் வைத்துக்கொண்டு, தபாலில் வந்த மூலத்தையும், பதிவன்று கொடுத்த ஒப்புகைச் சீட்டையும் வீட்டில் விட்டுப்போகலாம். அந்தச் சீட்டின் தலைப்பில் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணும், அதையடுத்துத் தேதியும் நேரமும் இருக்கும். மற்றதெல்லாம் தொலைந்தாலும் அதை வைத்தே எண்ணை மீட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மாமா