146-க்கு மாத்திரை வேண்டுமா?

எனக்கு வயது 46. சர்க்கரை கிடையாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பார்த்தபோது பிரஷர் 146/92. மாத்திரை தொடங்கினால் ஆயுளுக்கும் விட முடியாது என்கிறார்களே, தள்ளிப்போடலாமா? - வாசகர், திருமானூர்

ஒரே ஒரு அளவை நம்பி மாத்திரையும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, டீ குடித்த கையோடு பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்காமல், இன்னும் இரண்டு நாட்களில் தனித்தனியாகப் பாருங்கள். அப்போதும் 140/90-க்குக் கீழே இறங்காவிட்டால் மாத்திரைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலும் அங்கேதான் கோடு போடுகிறது. 'லேசாகத்தானே இருக்கிறது' என்பவர்களுக்கு 2016-இல் வெளியான ஹோப்-3 ஆய்வு பதில் வைத்திருக்கிறது. இதய நோய் இல்லாதவர்களிலும், மேல் அளவு 143-ஐத் தாண்டியவர்களுக்கு மாத்திரையால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து குறைந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு 130-களில் நின்றால் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

'விடவே முடியாது' என்பது அரை உண்மை. மாத்திரை யாரையும் அடிமையாக்குவதில்லை. நிறுத்தினால் பிரஷர் பழைய இடத்துக்குப் போகிறது, அவ்வளவே. உப்பும் எடையும் நன்றாகக் குறைந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. அம்லோடிபின் கொடுத்து, கணுக்கால் வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.