ஆள்கடத்தலைத் தடுக்க ஒரு தேசியப் பயிற்சி அமைப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சி என்ற பெயரில் நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பது ஒரு நாள் கூட்டம். மாவட்டத் தலைநகரில் ஓர் அரங்கு, மூன்று சிறப்புரை, மதியச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். வந்து உட்கார்ந்த சப்-இன்ஸ்பெக்டர் சில மாதங்களில் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போகிறார். அவர் இடத்துக்கு வருபவருக்கு அப்படியொரு கூட்டம் நடந்ததே தெரியாது. செலவு செய்த பணமும் கற்ற பாடமும் அந்த அரங்கோடு முடிந்துவிடுகின்றன.

போலீஸ் பயிற்சிக் கல்லூரியிலோ தொழிலாளர் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ இருந்துகொண்டு, இதை ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்ற பொறுப்பை முதன்முதலாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் இந்தியாவிலிருந்து, அதிலும் நான் அதிகம் கவனித்துவரும் கொத்தடிமைத் தொழிலிலிருந்து. இலங்கையிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் சட்டப் பிரிவுகளை மாற்றிக்கொள்ளலாம், படிகளின் வரிசை அதேதான்.

பாதிக்கப்பட்டவரை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் கடைநிலை ஊழியர்தான். அவர் அந்த முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் முடிவுகளில்தான் வழக்கின் தலைவிதி இருக்கிறது. ஆகவே முழு அமைப்பையும் அந்த சில மணி நேரத்தைச் சுற்றியே கட்டுங்கள்.

படி 1: எது குற்றம் என்பதில் எல்லாரும் ஒரே பேச்சுக்கு வாருங்கள்

ஆள்கடத்தல் என்றதும் பலர் நினைப்பது, வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதை. பயிற்சியின் முதல் வேலை அந்த எண்ணத்தை மாற்றுவது. ஐ.நா. 2000-ல் ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை இந்தக் குற்றத்தை மூன்று கூறாகப் பார்க்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகியவை செயல். மிரட்டல், ஏமாற்று, ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்துவது ஆகியவை வழி. சுரண்டல் என்பது நோக்கம். 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால், நெறிமுறைப்படி, வழியைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. எல்லை தாண்ட வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து ஒன்றியத்துக்கு அழைத்துப் போனாலும் கடத்தல் கடத்தல்தான்.

இந்தியா இந்த நெறிமுறைக்கு 2011-ல் ஒப்புதல் அளித்தது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு. குழந்தையைக் கடத்தினால் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல என்று பிரிவே சொல்கிறது. "அவங்களாத்தானே வந்தாங்க" என்று முதலாளி சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும் அதிகாரிக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் போதும், பல வழக்குகள் பிழைக்கும்.

இதோடு 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். கொத்தடிமைக் கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. பாலியல் தொழில் தொடர்பான சோதனைகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது உச்ச நீதிமன்றத்தின் 2022-ஆம் ஆண்டு உத்தரவையும் விடாதீர்கள்: தன் விருப்பத்தோடு அந்தத் தொழிலில் இருக்கும் வயதுவந்த பெண்ணைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. மீட்பு என்ற பெயரில் ஒருவரை விருப்பத்துக்கு மாறாக விடுதியில் அடைப்பதும் வன்முறைதான்.

படி 2: முதலில் பார்ப்பவர்கள் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதார செவிலியர், ஸ்டேஷன் எழுத்தர், ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர், தொழிலாளர் ஆய்வாளர், குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் அழைப்பை எடுப்பவர். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடம் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலருக்கு இரண்டு மணி நேரம் போதும்: எதைக் கவனிப்பது, யாருக்குச் சொல்வது, முதலாளிக்குத் தெரியாமல் எப்படிச் சொல்வது. ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவில் புதிதாகச் சேரும் அதிகாரிக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

வருவாய்க் கோட்டாட்சியரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொத்தடிமைகளுக்கு விடுதலைச் சான்று கொடுப்பவர்கள் மாவட்ட நிர்வாகத்தினர், நடைமுறையில் பெரும்பாலும் அவர்தான். அந்தத் தாள் இல்லாமல் தொழிலாளி ஊர் திரும்பினால், கடன் இன்னும் இருக்கிறது என்று ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் மறுபடி வாசலில் வந்து நிற்பான். கோட்டாட்சியருக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள்.

நீதிபதிகளுக்கான பயிற்சி மாநில நீதித்துறை அகாதெமி வழியாகத்தான் போக வேண்டும். போலீஸ் நடத்தும் வகுப்பில் நீதிபதியை உட்காரவைப்பது முறையல்ல.

படி 3: பாடத்தை ஒரு களத்திலிருந்து தொடங்குங்கள்

சட்டப் பிரிவுகளை வரிசையாக வாசித்துக் காட்டும் வகுப்பு யார் மனத்திலும் நிற்காது. ஒரு களத்தை எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் அதிலேயே இருங்கள்.

செங்கல் சூளை நல்ல களம். ஒடிசாவின் பலாங்கீர் பகுதியில் நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் முன்பணம் கைமாறும். குடும்பம் குடும்பமாக ரயில் ஏறித் தமிழ்நாட்டுச் சூளைகளுக்கு வருவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. கையில் கிடைப்பது வாரச் சாப்பாட்டுச் செலவுக்கான காசு மட்டும். மீதியெல்லாம் சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது. நோட்டு மேஸ்திரியிடம் இருக்கும்.

இப்போது பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரைத் தொழிலாளியாகவும் இன்னொருவரைத் தாசில்தாராகவும் உட்காரவையுங்கள். தாசில்தார் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்: "உங்களை யாராவது அடைச்சு வச்சிருக்காங்களா?" பதில்: "இல்லீங்க சார்." "அடிச்சாங்களா?" "இல்லீங்க." விசாரணை முடிந்தது. அறிக்கையில் 'கொத்தடிமை இல்லை' என்று எழுதப்படும்.

அதே தொழிலாளியிடம் வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்? போக வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? குடும்பத்தோடு போகலாமா, ஒருவர் இங்கேயே இருக்க வேண்டுமா? வாரச் சந்தைக்கு யார் போவார்கள், கூட யார் வருவார்கள்? வாங்கிய முன்பணம் எவ்வளவு, இப்போது பாக்கி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? உடம்புக்கு முடியாத நாளில் என்ன ஆகும்? நாளைக்கே பக்கத்துச் சூளையில் கூடுதல் கூலி கொடுத்தால் போவீர்களா? பூட்டும் சங்கிலியும் இல்லாத இடத்தில் அடிமைத்தனம் இந்தப் பதில்களில்தான் தெரியும். "பெரியவனை இங்க விட்டுட்டுத்தான் சார் போகணும்" என்று ஒரு தாய் சொல்லும் இடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, சட்டப் புத்தகத்தைத் திறந்து, வேறு எங்கும் வேலைக்குப் போகும் உரிமை, விரும்பியபடி நடமாடும் உரிமை ஆகியவற்றை இழப்பது கொத்தடிமை முறையின் அடையாளம் என்று 1976 சட்டம் சொல்வதை வாசியுங்கள். பிரிவு அப்போதுதான் மனத்தில் ஏறும்.

இதே பயிற்சியில் சொல்ல வேண்டிய நடைமுறைகள் சில உண்டு. விசாரணை சூளை வளாகத்துக்குள் நடக்கக் கூடாது. முதலாளியும் மேஸ்திரியும் கண்ணில் படும் தூரத்தில்கூட இருக்கக் கூடாது. மேஸ்திரியையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை ஒழித்தே தீர வேண்டும். கணவனிடம் கேட்டு மனைவியின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொள்ளாதீர்கள், இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். கணக்கு நோட்டை அன்றைக்கே கைப்பற்றுங்கள், மறுநாள் அது இருக்காது. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

அச்சத்தில் நீண்டகாலம் இருந்தவர் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வரும். தேதி மாறும், முதலாளியை முதலில் நல்லவர் என்பார், இரண்டாம் நாள் அழுவார். இதைப் பொய் என்று எழுதிவிடாமல் இருக்க அதிகாரிக்குக் கற்றுக்கொடுப்பது இந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி. இதற்கு மனநல ஆலோசகர் ஒருவர் அரை நாளாவது எடுக்கட்டும்.

படி 4: இரண்டாவது களம், ஆன்லைன் மோசடி முகாம்கள்

டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப் போய், மியான்மரின் மியாவடி பகுதிக்குள் தள்ளி, அங்கே இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்துகிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். இலங்கையரும் அந்த முகாம்களில் சிக்கினார்கள். படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், தாங்களே விமானம் ஏறியவர்கள். சூளையை மட்டுமே பார்த்துப் பழகிய அதிகாரி இவர்களை மோசடிக்காரர்களாகவே பார்ப்பார். மிரட்டலுக்குப் பணிந்து செய்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கையை இந்தக் களத்தை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். விமான நிலையக் குடியேற்ற அதிகாரிகளுக்கு இதுவே முதல் களமாக இருக்கலாம்.

படி 5: பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுங்கள்

நன்றாகப் பேசுபவர் என்பது தகுதி இல்லை. தண்டனை வரை வழக்கை நடத்திய புலனாய்வு அதிகாரி ஒருவர், அரசு வழக்கறிஞர் ஒருவர், பாதிக்கப்பட்டவர்களோடு தங்கிப் பணிசெய்த ஆலோசகர் ஒருவர் வேண்டும். மீண்டு வந்தவர்களும் வேண்டும். ஆனால் அவர்களை மேடையேற்றித் தங்கள் கதையைச் சொல்லவைத்து அழவைக்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராக்குங்கள். மற்ற நிபுணர்களுக்கு என்ன மதிப்பூதியமோ அதே தொகையைக் கொடுங்கள். எந்தக் கேள்வி தங்களைப் பேசவைத்தது, எது வாயை அடைத்தது என்று அவர்களைப்போல் யாராலும் சொல்ல முடியாது.

படி 6: மாற்றலைத் தாங்கும் இடத்தில் வேரூன்றுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசியப் போலீஸ் அகாதெமி, முசோரியின் லால் பகதூர் சாஸ்திரி அகாதெமி, தமிழ்நாட்டில் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாதெமி போன்ற நிரந்தர நிறுவனங்களின் அடிப்படைப் பாடத்திட்டத்திலேயே இது இருக்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு சப்-இன்ஸ்பெக்டரும் இதைப் படித்துத் தேர்வு எழுதியே வெளியே வரட்டும். சிறப்பு முகாம்கள் அதற்கு மேல் கூடுதலாக இருக்கலாம்.

ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகளை நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அமைக்க நிர்பயா நிதியிலிருந்து மத்திய அரசு பணம் ஒதுக்கியது. பெயர்ப் பலகை மாட்டுவது சுலபம். அங்கே நியமிக்கப்படுபவர் பயிற்சி முடிக்காமல் பொறுப்பேற்கக் கூடாது, குறிப்பிட்ட காலம் மாற்றப்படக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை அரசாணையாக வாங்குங்கள். இதற்காகத் தலைமைச் செயலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருந்தாலும் நடங்கள்.

படி 7: ஊரையும் சூளையையும் ஒரே வகுப்பில் சேருங்கள்

தேசிய அமைப்பு என்பதற்கான உண்மையான காரணம் இதுதான். திருவள்ளூரில் மீட்கப்படும் குடும்பத்தின் முன்பணம் பலாங்கீரில் கைமாறியிருக்கிறது. இரண்டு மாவட்ட அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்றால், ஏஜெண்ட் மீது வழக்கு நகராது, மறுவாழ்வுப் பணமும் வழியில் நின்றுவிடும். ஆட்கள் புறப்படும் மாவட்டத்தையும் போய்ச்சேரும் மாவட்டத்தையும் ஜோடியாக்கி, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரே அறையில் உட்காரவையுங்கள். ஒடியா, இந்தி, பெங்காலி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் பட்டியலை மாவட்டவாரியாகத் தயாரித்து, அவர்களுக்கும் தனியே பயிற்சி கொடுங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும் ரகசியம் காப்பதும் அந்தப் பயிற்சியில் இருக்கட்டும்.

படி 8: வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு வழக்குக் கட்டுகளைத் திறங்கள்

எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை எதையும் சொல்லாது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அதே மாவட்டத்துக்குப் போய்ச் சிலவற்றைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையில் 143-வது பிரிவு போடப்பட்டதா, வெறும் கூலித் தகராறாக எழுதி முடித்தார்களா? மீட்ட நேரத்துக்கும் விடுதலைச் சான்று கொடுத்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? வேலை செய்த பெண்களுக்கும் தனிச் சான்று கிடைத்ததா, குடும்பத் தலைவர் பெயரில் ஒன்றோடு விட்டுவிட்டார்களா? கொத்தடிமைகளுக்கான 2021 மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம். அது வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் கைக்குப் போனதா? வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகக் கடுமையான வழக்குகளில் 3 லட்சம் என்ற முழுத் தொகைக்கு விசாரணை முடிய வேண்டும். அந்தக் கோப்புகள் எங்கே நிற்கின்றன?

பத்து வாக்குமூலங்களை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடர்கள் இருந்தால், யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்று பொருள். மூன்றாம் படியின் வகுப்பை அந்த மாவட்டத்துக்கு மறுபடி நடத்துங்கள். ஓர் ஆண்டு கழித்து, மீட்கப்பட்ட குடும்பங்களின் ஊருக்கே ஆள் அனுப்பி, யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் மறுபடி முன்பணம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்கள் என்று விசாரியுங்கள். போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் வகுப்பாக வையுங்கள்.